மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள்: ஆங்கிலப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆங்கிலப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும், அதை வகுப்பறையில் நடத்தும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர். 'உலக இலக்கியம்' என்று ஒரு பகுதியை ஆண்டுதோறும் நாம் எல்லோரும் நடத்துகிறோம். சில வாரங்கள், சில நூல்கள், ஒரு தேர்வு. அதை நடத்தும் விதத்தில் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக உண்டு. என்ன உறுத்தல் என்று சொல்லத்தான் தெரியாமல் இருந்தது. ஒரு மாணவியின் விடைத்தாள் அதைச் சொல்லிவிட்டது.

பாடம், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல். 1958-இல் வெளிவந்தது. வினாத்தாள் எங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. அதில் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று: "இந்நாவலின் வழியாக இக்போ மக்களின் பழக்கவழக்கங்களில் மூன்றை விளக்குக." அந்தப் பெண் மூன்றையும் ஒழுங்காக எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து போட வேண்டிய விடை. அதற்குக் கீழே பென்சிலில், அழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதியதுபோல மெல்லிய எழுத்தில், இன்னொரு வரி: "கடைசிப் பக்கத்தில் அந்த அதிகாரியும் இதைத்தானே செய்யப்போகிறார்?"

நாவலைப் படித்தவர்களுக்கு உடனே புரியும். நாயகன் ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். ஒரு மனிதனின் வாழ்க்கையும் அவனுடைய ஊரின் வாழ்க்கையும் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் அந்த இடத்தில், கதை சட்டென்று ஆங்கிலேய மாவட்ட ஆணையரின் மனத்துக்குள் போய்விடுகிறது. அவர் ஒரு புத்தகம் எழுத எண்ணியிருக்கிறார். கீழ் நைஜர் பகுதியின் நாகரிகமற்ற பழங்குடிகளை அடக்கி அமைதிப்படுத்தியதைப் பற்றிய புத்தகம். இந்த மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம், இல்லை, ஒரு பத்தி போதும் என்று முடிவுசெய்கிறார். 25 அத்தியாயங்கள் நாம் கூடவே நடந்து வந்த ஒருவன் அங்கே ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுகிறான்.

எங்கள் வினாத்தாள் கேட்டது அந்தப் பத்தியைத்தான். நாவல் எதை எதிர்த்து எழுதப்பட்டதோ, அதையே நாம் மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தோம். பதினைந்து வயதுப் பெண் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். மதிப்பெண் திட்டத்தில் அந்தப் பென்சில் வரிக்கு இடமில்லை. அதற்கு ஒரு மதிப்பெண்கூட என்னால் போட முடியவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரியதல்ல. வெளிநாட்டு நூல்களை இலக்கியமாகப் படிக்க வைப்போம். ஆங்கில நாவலை எப்படிச் சொல்சொல்லாகப் பார்க்கிறோமோ அப்படியே இவற்றையும் பார்ப்போம். அந்தச் சொற்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேர்ந்தெடுத்தவை என்றால், அதையும் சொல்லிக்கொடுப்போம். அவ்வளவுதான்.

சரி, பழக்கவழக்கம் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரிய வேண்டும். சூழல் தெரியாமல் எந்த நூலும் புரியாது. ஆனால் நம் வகுப்பில் அது நூலுக்குள் போகும் வாசலாக நிற்பதில்லை, நூலையே மூடிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை நடத்திவிட்டு, ஆங்கிலேயரின் பழக்கவழக்கங்களில் மூன்றை விளக்குக என்று நாம் யாரும் கேட்டதில்லையே. அங்கே பாத்திரத்தின் மனத்தைக் கேட்கிறோம், உவமையைக் கேட்கிறோம், ஒரு சொல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கிறோம். அச்செபே என்றதும் மட்டும் கேள்வி மாறிவிடுகிறது. அவர் எழுதியதும் ஆங்கிலம்தான். மிகவும் யோசித்து எழுதிய ஆங்கிலம். தலைப்பையே ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதையிலிருந்து எடுத்திருக்கிறார். ஐரோப்பா தன் உலகம் குலைவதாகக் கண்டு எழுதிய வரியை, ஐரோப்பா வந்ததால் குலைந்த ஓர் ஊருக்குத் தலைப்பாக்கியிருக்கிறார். அந்த ஒரு செயலை மட்டும் வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம். 'சி', 'ஒபி', 'எக்வுக்வு' என்ற இக்போ சொற்களை அவர் ஏன் ஆங்கிலமாக்காமல் அப்படியே விட்டார்? எந்த இடத்தில் பொருள் சொல்கிறார், எந்த இடத்தில் நாமே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்? ஆங்கில வகுப்பில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009-இல் ஆற்றிய ஓர் உரையில் ஒரு சம்பவம் சொல்வார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு மாணவர் அவரிடம் வந்து, உங்கள் நாவலில் வரும் தந்தையைப் போல நைஜீரிய ஆண்கள் அடித்துத் துன்புறுத்துகிறவர்களாக இருப்பது வருத்தமாக இருக்கிறது என்றாராம். தொடர்கொலைகாரன் ஒருவனைப் பற்றிய அமெரிக்க நாவலை அப்போதுதான் படித்து முடித்திருந்த அடிச்சி, அமெரிக்க இளைஞர்கள் எல்லோரும் தொடர்கொலைகாரர்களாக இருப்பது எனக்கும் வருத்தமாக இருக்கிறது என்று பதில் சொன்னாராம். எனக்கு அந்த மாணவர்மேல் கோபம் வரவில்லை. நாவலை அப்படிப் படிக்க அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு புத்தகம், ஒரு கண்டத்துக்கு ஒரு புத்தகம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் படிக்கிறவர் வேறு எப்படிப் படிப்பார்?

இதற்கு நேர்மாறாக ஒன்றை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தை நடித்தார்கள். அரசன் கிரியோனின் தடையை மீறித் தன் சகோதரனின் உடலை அடக்கம் செய்யும் பெண்ணின் கதை அது. நெல்சன் மண்டேலா அதில் கிரியோன் அரசனாக நடித்ததைத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்த நாடகம் எழுதப்பட்டு ஏறக்குறைய 2400 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழங்கிரேக்கர் பிணத்தை எப்படி அடக்கம் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளவா சிறையில் அதை நடித்தார்கள்? சட்டம் ஒன்று சொல்கிறது, மனச்சாட்சி வேறொன்று சொல்கிறது, நான் எதற்குக் கட்டுப்படுவது என்ற கேள்வி அவர்களுடையதாக இருந்தது. 1944-இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் ழான் அனூய் அதே கதையைப் புதிதாக எழுதி மேடையேற்றியபோதும் அப்படித்தான். ஆன்டிகனியைப் பாடமாக நடத்துகிற நாம், அடக்கச் சடங்கு பற்றி ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுகிறோம்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். இந்த மடலில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

'உலக இலக்கியம்' என்ற சொல்லைப் பரப்பியவர் ஜெர்மன் கவிஞர் கதே. 1827 ஜனவரியில் தன் உதவியாளர் எக்கர்மானிடம், தனித்தனித் தேச இலக்கியங்களுக்கு இனிப் பெரிய பொருள் இல்லை, உலக இலக்கியத்தின் காலம் நெருங்கிவிட்டது என்றார். இதை எல்லாப் பாடநூல்களும் மேற்கோள் காட்டும். அந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கதே அப்போது ஒரு சீன நாவல் படித்துக்கொண்டிருந்தார். சீன மொழியிலா படித்தார்? மொழிபெயர்ப்பில்தான். அதற்கு முன் அவரை ஆட்டிவைத்த காளிதாசனின் சாகுந்தலமும் அப்படியே. வில்லியம் ஜோன்ஸ் 1789-இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆங்கிலத்திலிருந்து கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791-இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதைத்தான் கதே படித்து உருகினார். உலக இலக்கியம் என்ற எண்ணமே இரண்டு கை மாறி வந்த ஒரு புத்தகத்தின் பக்கத்தில் பிறந்தது. நாமோ அந்தக் கைகளை மாணவர்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறோம்.

சக ஆசிரியர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "மொழிபெயர்ப்பு நூல்களை ஆங்கில வகுப்பில் ஏன் வைக்க வேண்டும்? மூலமொழி நமக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அதன் நடையைப் பற்றி என்ன பேச முடியும்?" நேர்மையான கேள்வி. பல பேர் மனத்தில் இருப்பதும் இதுதான். அதனால்தான் நடையை விட்டுவிட்டுப் பழக்கவழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அன்றைக்கு அவருக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

பழங்கிரேக்கக் காவியமான ஒடிசியை எடுத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே ஹோமர் தன் நாயகன் ஒடிசியஸுக்கு ஓர் அடைமொழி தருகிறார்: 'பொலுட்ரோபோஸ்'. பல திருப்பங்கள் உடையவன் என்று சொல்லலாம். அவன் திரும்புகிறானா, விதி அவனைத் திருப்புகிறதா என்பது அந்தச் சொல்லிலேயே தெளிவில்லை. ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1961-இல் அவனைப் போராடும் வழியெல்லாம் கைவந்தவனாக ஆக்கினார். ராபர்ட் ஃபேகல்ஸ் 1996-இல் திருப்பங்களும் வளைவுகளும் கொண்டவன் என்றார். 2017-இல் எமிலி வில்சன், முழு ஒடிசியையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் பெண், ஒரே சொல்லில் முடித்தார்: 'காம்ப்ளிகேட்டட்', சிக்கலானவன். மூன்று வரிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் எந்த ஆளோடு நீங்கள் கப்பலேறுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு சத்தமாகிவிடும். எனக்குக் கிரேக்கம் ஒரு வரி தெரியாது. ஆங்கிலச் சொற்களின் எடையை நிறுத்துப் பார்க்கக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. அது ஆங்கில வகுப்பின் வேலை.

அதே நூலின் 22-ஆம் பாடலுக்கு வாருங்கள். ஒடிசியஸின் மனைவியை மணக்கக் கேட்டு வந்து வீட்டை ஆக்கிரமித்திருந்தவர்களைக் கொன்றபின், அவர்களோடு படுத்திருந்த அடிமைப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் தூக்கிலிடுகிறான். அப்போது அவன் பேசும் பேச்சில், ஃபேகல்ஸின் மொழிபெயர்ப்பில், அந்தப் பெண்களைக் கேவலமான வசைச்சொற்களால் அழைக்கிறான். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வசை இல்லை. பெண்பாலைக் காட்டும் ஒரு சுட்டுச்சொல் மட்டுமே இருக்கிறது. வில்சன் அதைச் 'சிறுமிகள்' என்று சொல்லும்படியான சாதாரணச் சொல்லால் முடித்துவிடுகிறார். பழைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் 'மெய்ட்' (வேலைக்காரி) என்று வரும் சொல்லையும் அவர் 'ஸ்லேவ்' (அடிமை) என்றே எழுதுகிறார். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் அல்லர், விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்பதை அந்தச் சொல் மறைக்காமல் காட்டுகிறது.

வகுப்பில் இந்த இரண்டு பக்கங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்த நாளை நான் மறக்கமாட்டேன். ஒடிசியஸ்தான் நாயகன், அவன் செய்தது நியாயம் என்று ஒரு வாரமாக வாதாடிக்கொண்டிருந்த மாணவன், வாசித்து முடித்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அந்தச் சொல் அங்கே இருந்ததால்தான் நான் அவர்களுக்காக வருத்தப்படாமல் இருந்தேனா?" ஒரு சொல் நம் நியாய உணர்வை எப்படி நகர்த்திவிடுகிறது என்பதை நான் இலக்கணப் பாடத்திலோ கட்டுரைப் பாடத்திலோ ஒருநாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. செய்தித்தாள் படிக்கும்போதும் அவனுக்கு அந்தக் கேள்வி வரும் என்று நம்புகிறேன்.

காஃப்காவின் 'உருமாற்றம்' கதையின் முதல் வாக்கியமும் இப்படி ஒரு சுரங்கம். 1915-இல் வெளிவந்த அந்தக் கதையில் கிரெகர் சாம்சா காலையில் கண்விழித்தபோது ஓர் 'உன்கெட்ஸீஃபர்' ஆகியிருக்கிறான். ஜெர்மனில் அது குறிப்பிட்ட ஒரு பூச்சியின் பெயர் இல்லை. அருவருப்பான, வீட்டில் இருக்கக் கூடாத உயிர் என்ற பொருள் தருவது. பழங்காலத்தில் பலியிடத் தகாத, தூய்மையற்ற விலங்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வில்லா மியூரும் எட்வின் மியூரும் அதை இராட்சதப் பூச்சி என்றார்கள். வேறு சிலர் 'வெர்மின்' என்றார்கள், கரப்பான் என்றே சொன்னவர்களும் உண்டு. காஃப்காவோ, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியவர். நம் பாடப்பகுதியில் கதைக்குப் பக்கத்திலேயே கரப்பான் படம் போட்டுவிடுகிறோம். அந்தப் படம் வந்த பிறகு மாணவருக்கு யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது? என்னைக் கேட்டால் தமிழில் 'ஜந்து' என்ற சொல் அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலத்தின் எந்தச் சொல்லையும்விட அருகில் நிற்கிறது. கோபத்தில் ஒரு மனிதரைப் பார்த்தும் சொல்லக்கூடிய சொல் அது.

இப்படித் தன் மொழியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைக்கும் உரிமை மாணவர்களுக்கும் வேண்டும். ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். வகுப்பில் அந்த மொழி ஒரு குறையாகவே பார்க்கப்படுகிறது. உச்சரிப்பைத் திருத்துகிறோம், வாக்கிய அமைப்பைத் திருத்துகிறோம். உலக இலக்கியப் பகுதி நடக்கும் அந்தச் சில வாரங்களிலாவது அவர்கள் மொழி அவர்களுக்குப் பலமாக இருக்கலாமே.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். குறுந்தொகையின் 40-ஆம் பாடலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஐந்தே அடி. பாடியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் சொன்ன உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஏ.கே. ராமானுஜன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை மாணவர்கள் கையில் கொடுத்தேன். மூலத்தை நான் வாய்விட்டுப் படித்தேன், பிறகு சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிப் போட்டேன். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்பது தமிழ். ராமானுஜனின் ஆங்கிலத்தில் செம்மண்ணும் கொட்டும் மழையும் என்று இரண்டும் சமமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பிரிக்க முடியாதபடி கலந்தது என்று கடைசியில் ஓர் அழுத்தம் கூடுகிறது. தமிழில் நிறம் மாறுவது நீர்தான். ஆங்கிலத்தில் யார் யாரோடு கலந்தார்கள் என்று தெரியவில்லை. அது இழப்பா, ஆதாயமா? ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். என் மாணவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கவிதைக்குள் அவர்கள் நுழைந்துவிட்டார்கள். சங்ககாலத் திருமண முறை பற்றி ஒரு குறிப்பும் நான் கொடுத்திருக்கவில்லை. அவர்களாகவே கேட்டார்கள், "இவர்கள் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்களா?" என்று. அப்போதுதான் சூழலைச் சொன்னேன். தேடி வந்த பிறகு சொல்லப்படும் செய்தி மனத்தில் நிற்கிறது.

மறுவாரம் அவரவர் வீட்டு மொழியிலிருந்து நாலைந்து வரிகளை ஆங்கிலமாக்கி, எங்கே திணறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். வகுப்பில் அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் தன் பாட்டி பாடும் தாலாட்டைக் கொண்டுவந்தான். அதில் ஒரு விளிச்சொல்லுக்கு அவனால் ஆங்கிலம் காண முடியவில்லை. ஆறு சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் ஏன் அடித்தான் என்று விளக்கியிருந்தான். அந்த ஆண்டு நான் திருத்தியவற்றில் சிறந்த ஆங்கிலக் கட்டுரை அதுதான். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் மாணவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஷேக்ஸ்பியரின் நாலு வரியை இன்றைய ஆங்கிலமாக்கச் சொன்னேன். அவர்களும் அதே அளவுக்குத் திணறினார்கள்.

நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எலி வீசல் அந்த அனுபவத்தை எழுதிய 'நைட்' பல பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. அது முதலில் 1956-இல் ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியில், இன்னும் நீளமான நூலாக, புவனோஸ் ஐரிஸில் வெளிவந்தது. 1958-இல் பிரெஞ்சில் சுருங்கியது. 1960-இல் ஆங்கிலமானது. 2006-இல் அவருடைய மனைவி மரியன் வீசல் மறுபடியும் ஆங்கிலமாக்கினார். தன் அனுபவத்தைச் சொல்ல ஒரு மனிதர் எந்த மொழியை எடுத்தார், யாருக்காக எதைக் குறைத்தார் என்பதெல்லாம் அந்த நூலைப் புரிந்துகொள்வதற்கு வெளியே நிற்கும் செய்திகளா? படிக்கும் மாணவருக்கு அது மொழிபெயர்ப்பு என்பதே சொல்லப்படுவதில்லை.

இங்கே பெயரைப் பற்றி ஒன்று. 2016 முதல் சர்வதேசப் புக்கர் பரிசுத் தொகையை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத் தருகிறார்கள். 2025-இல் கன்னடச் சிறுகதைகளுக்காக பானு முஷ்தாக்கும் தீபா பஸ்தியும் சேர்ந்துதான் அதை வாங்கினார்கள். புத்தக உலகம் இந்த அளவுக்கு வந்துவிட்டது. என் மேசையில் கிடக்கும் பாடத்திட்டத்தில் ஏழு மொழிபெயர்ப்பு நூல்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லை. இதனால் வரும் நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாணவர் ஒரு பதிப்பை வாங்கிவருகிறார், வினாத்தாள் வேறொரு மொழிபெயர்ப்பிலிருந்து வரியை எடுத்துக் கொடுத்து, இந்தச் சொல்லாட்சியின் சிறப்பை விளக்கு என்கிறது. அந்தச் சொல் அந்தப் பிள்ளையின் புத்தகத்தில் இல்லவே இல்லை.

நேரம் போதாது என்பீர்கள். உண்மைதான், நானும் அதே மணி அடிக்கும் வகுப்பறையில்தான் இருக்கிறேன். ஆனால் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு நாடுகளிலிருந்து பன்னிரண்டு துண்டுகள். பழைய மெசொப்பொத்தேமியாவின் கில்கமெஷ் காவியத்திலிருந்து வெள்ளக் கதை மட்டும் இரண்டு பக்கம். 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தக் களிமண் பலகையைப் படித்துச் சொன்னதிலிருந்து அந்தப் பகுதிக்குத் தனிப் புகழ். விவிலியத்தோடு ஒப்பிட வசதி என்று அதையே எடுத்து வைத்துவிடுகிறோம். அந்தக் காவியத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. நண்பன் எங்கிடு இறந்த பிறகு கில்கமெஷ் ஆறு பகல் ஏழு இரவு உடலைப் புதைக்க விடவில்லை. மூக்கிலிருந்து ஒரு புழு விழும்வரை விடவில்லை. அந்த அச்சத்தில்தான் அவன் சாவில்லா வாழ்வைத் தேடி ஓடுகிறான். அந்த ஓட்டத்தின் முடிவில் கேட்கும் கதைதான் வெள்ளக் கதை. துண்டாக எடுத்தால் அது வெறும் வெள்ளம். நெருங்கியவரை இழந்த பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அதற்கு அந்த ஏழு இரவுகள் எவ்வளவு தேவைப்படும்! ஆண்ட்ரூ ஜார்ஜின் மொழிபெயர்ப்பைப் பாருங்கள், பலகை உடைந்த இடங்களை மறைக்காமல் இடைவெளியாகவே விட்டிருப்பார். ஒரு வரி பாதியில் அறுந்து நிற்பதைப் பார்த்து மாணவர்கள் முதன்முறையாக, இது மண்ணுக்கடியிலிருந்து வந்தது என்று உணர்வார்கள். பன்னிரண்டு துண்டுகளுக்குப் பதில் மூன்று முழு நூல்கள் போதும் என்கிறேன். உலகம் முழுவதையும் ஓராண்டில் சுற்றிக் காட்ட நம்மால் ஆகாது. அப்படிச் சுற்றிக் காட்டச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கவும் இல்லை.

விதிமுறை இடம் தருமா என்றால், பெரும்பாலும் தருகிறது. அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரம், 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள் அந்நாட்டுக்கு வெளியே எழுதப்பட்ட படைப்பில் வெளிப்படும் ஒரு பார்வைக் கோணத்தையோ பண்பாட்டு அனுபவத்தையோ, உலக இலக்கியத்தைப் பரவலாகப் படித்து ஆராய வேண்டும் என்கிறது. 'பார்வைக் கோணம்' என்பது முதலில் இருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிட்டுப் 'பண்பாடு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தின் இலக்கியப் பாடத்தில் மொழிபெயர்ப்பு நூல்கள் கட்டாயம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2015 முதல் நடக்கும் ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வின் ஆங்கில இலக்கியப் பாடத்தில் 1914-க்குப் பிந்தைய நாவலோ நாடகமோ பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த முடிவை எடுத்தவர்கள் தங்கள் இலக்கியத்தின்மேல் உள்ள பற்றினால் எடுத்திருக்கலாம். ஆனால் சாப்மன் மொழிபெயர்த்த ஹோமரைப் படித்ததுதான் 1816-இல் இருபது வயது ஆங்கிலக் கவிஞர் கீட்ஸை அந்தப் புகழ்பெற்ற பதினான்கு வரிக் கவிதையை எழுத வைத்தது. ஆங்கிலக் கவிதையின் கொடுமுடிகளில் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்றுக்குச் சொன்ன நன்றி. கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. அந்தக் கவிதையின் தலைப்பிலேயே மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

1968-இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோ, டாபன் லோ லியோங், ஹென்றி ஒவுவோர்-அன்யும்பா என்ற மூன்று ஆசிரியர்கள், ஆங்கிலத்துறையை ஒழித்துவிடலாம் என்று ஒரு குறிப்பாணை எழுதினார்கள். எந்த இலக்கியத்தை நடுவில் வைத்து மற்றவற்றைப் பார்க்கிறோம் என்பது அவர்களின் கேள்வி. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் ஆங்கில வகுப்பை நான் விரும்புகிறேன். ஆனால் மற்றவற்றைச் சுற்றுலாப் பயணியின் கண்ணோடு பார்க்கும்வரை, பட்டியலில் எத்தனை நாடுகளைச் சேர்த்தாலும் நாம் நடுவிலிருந்து நகரவே இல்லை என்று அவர்களின் கேள்வி எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை. அடுத்த பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நூலுக்கும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் அச்சிடுங்கள். ஒரே ஒரு பக்கத்துக்காவது இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பாடநூலில் பக்கத்துப் பக்கத்தில் கொடுங்கள். இரண்டு பீரியட் போதும், நான் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மூலமொழி தெரியாதே என்ற பயம் அந்த ஒரு நாளில் பாதி போய்விடும்.

வினாத்தாள் அமைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பழக்கவழக்கங்கள் மூன்றைக் கேட்கும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்துப் பாருங்கள்: "மாவட்ட ஆணையர் எழுதப்போகும் பத்தியில் எது விடுபட்டுப்போகும்?" பத்து மதிப்பெண். பென்சிலில் எழுதிய அந்த மாணவி இந்நேரம் பள்ளி முடித்துப் போயிருப்பாள். அவளைப்போல இன்னொருத்தி இந்த ஆண்டும் என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். அவள் அதைப் பேனாவிலேயே எழுதட்டும்.

மிகுந்த அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களில் ஒருவராகிய ஓர் ஆங்கில ஆசிரியர்